வெட்டாத பெட்டி

புத்தூர்ச் சந்தியைக் கார் தாண்டும்போது காலை எட்டரை மணி. விசாரணைக்கு இன்னும் ஏழரை மணி நேரம் இருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே லியோன் அதைச் சொல்லியிருப்பான். மூன்று நாளாக அவன் நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

"உந்த வேகத்திலை போனால் நாலு மணிக்கு எங்களையும் சேர்த்துத்தான் விசாரிப்பினம்," என்றார் பக்கத்தில் இருந்த பூரணம். "மெல்லப் போம்."

"பிறேக் பிடிக்காதக்கா. அதாலைதான் கெதியாப் போய் முடிச்சிடுவம் எண்டு பாக்கிறன்."

பூரணம் சிரிக்கவில்லை. லியோனும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

நில அளவைக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் காணி வரைபடம் கீறியவர் பூரணம். நகர்ந்த வேலியும் கள்ளக் காணி உறுதியும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சனம் தேடி வந்தது. பொலிஸ் நிலையங்களில் முறைப்பாடு எடுக்க ஆளில்லாத அந்த 1986ஆம் ஆண்டில் காணிச் சண்டைக்கு அப்பாற்பட்ட வில்லங்கங்களும் வந்தன. லியோன் குருநகரில் படகு எஞ்சின் திருத்தியவன். கடலில் இறங்கத் தடை வந்ததும் பூரணத்தின் பழைய மொரிஸ் மைனருக்குச் சாரதியானான். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதது அவனுடைய ஒரே குறை என்று பூரணம் சொல்லுவார். வேறு குறைகளை அவர் சொல்வதில்லை.

இந்த வழக்கு லியோனின் வீட்டு வழக்கு. ஐந்து நாளுக்கு முன் புத்தூரில் இளையதம்பி என்ற வெங்காயக் கமக்காரன், தண்ணீர் இறைக்கும் மோட்டர்க் குழாயைத் தொட்டவன், தொட்டபடியே செத்துப்போனான். மோட்டர்க் கொட்டிலின் சுவரில் ஒரு காவல் பெட்டி இருந்தது. மோட்டரின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அந்த நிமிடமே கறன்ரை வெட்டுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அது வெட்டவில்லை. உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையின் மூலையில், அதைக் கீறியவனின் பெயரெழுத்துகள் செம்பிலேயே பதிந்திருந்தன. கீறியவன் தேவராசா. லியோனின் தங்கை சிசிலியாவின் புருசன்.

இறந்தவனின் மனைவி, ஊரை அப்போது நடத்திய இயக்கப் பெடியளிடம் முறைப்பாடு கொடுத்தாள். மூன்று நாளுக்கு முன் பெடியள் சுன்னாகத்துக்குப் போய், அந்தப் பெட்டிகளைச் செய்யும் வேலைத்தலத்தில் வைத்தே தேவராசாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று பின்னேரம் நாலு மணிக்குப் புத்தூர் வாசிகசாலையில் விசாரணை. அந்த நாட்களில் விசாரணைக்குப் போன எல்லோரும் வீடு திரும்பியதில்லை. சந்திகளில் ஆட்களைக் கட்டிவைத்துச் சுட்ட மின்கம்பங்களுக்கு அது தெரியும்.

கார் இளையதம்பியின் வீட்டில் நின்றதும் அவனுடைய மகள் மோட்டர்க் கொட்டில் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தந்தாள். குணலட்சுமி என்று பெயர். இருபத்தொரு வயதிருக்கும். தேவராசா வேலை செய்த அதே இடத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவள். தகப்பன்தான் கெஞ்சிக் கேட்டு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் என்று தாய் இரத்தினம்மா சொன்னாள். மகள் திறப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லியோன் மெயின் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தான். 'போட்' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பலகையைப் புரட்டிப் பூரணத்திடம் நீட்டினான்.

"எனக்குத் தெரிஞ்ச போட் எல்லாம் தண்ணியிலை மிதக்கிறது. இந்தப் போட்டை நீங்கள்தான் பாக்கவேணும்."

பூரணம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பச்சை வார்னிஷுக்குக் கீழே ஓடிய செம்புக் கோடுகளைப் பார்த்தார். காணிப் படம் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு, "இன்னொரு பெட்டி பாக்கவேணும். பக்கத்துத் தோட்டத்திலை இருக்கோ?" என்றார்.

பக்கத்துத் தோட்டம் பஞ்சலிங்கத்தினுடையது. அவர் தயங்காமல் தன் பெட்டியைக் காட்டினார்.

"என்ரை பெட்டி ஒருக்காத்தான் வெட்டினது. நாய் வயரைக் கடிச்ச அண்டைக்கு. இளையதம்பியின்ரை பெட்டிதான் பொல்லாதது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வெட்டும். மனிசன் தண்ணி மாத்த வாய்க்காலுக்கு ஓடுவார், அதுக்கிடையிலை மோட்டர் நிண்டிடும். ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் சுன்னாகத்துக்குக் கொண்டுபோய் உள்ளுக்கை புதுப் போட் போட்டுக்கொண்டு வந்தவர். பேந்து ஒருநாளும் வெட்டேல்லை. அதிட்டக்காரன் எண்டு சொன்னனான்."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

பூரணம் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரிக் கோடுகள். இறந்தவனின் பலகையில் மட்டும் தடித்த கோடு ஒன்று கூடுதலாக இருந்தது. அது கறன்ரை வெட்டும் சுவிச்சான ஆளியைச் சுற்றி வளைத்து ஓடியது.

"ஆளி திறந்தாலும் கறன்ற் இந்தக் குறுக்கு வழியாலை போயிடும்," என்றார். "சோதிக்கிற பொத்தானை அமத்தினால் 'டக்' எண்டு சத்தம் கேக்கும். மோட்டர் மட்டும் நிக்காது."

"வாசலிலை காவல்காரன் நிக்கிறான். களவெடுக்க வாறவனுக்குப் பின் கதவு திறந்து கிடக்கு."

"ஓம். ஆனால் கதவை ஆர் வைச்சது?"

லியோன் பலகையின் மூலையைப் பார்த்தான். பெயரெழுத்து தேவராசாவினுடையது. அது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளின் காரம் மணக்கும் மாடியறையில் அந்த வேலைத்தலம் இருந்தது. உரிமையாளர் சீவரத்தினம் இவர்களைக் கண்டதும் கதவைச் சாத்தவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றார். பூரணம் அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்காமல் உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்தார்.

"பிழை எங்கையெண்டு எனக்குத் தெரியும்," என்றார் சீவரத்தினம், கேட்க முன்பே. "மாத்தேக்கை வந்த பிழை."

"எதை மாத்தேக்கை?"

அவர் துணியால் மூடியிருந்த கொம்பியூட்டரைக் காட்டினார். தேவராசா சிங்கப்பூரில் வேலை செய்தபோது கீறிய பலகைப் படங்கள் ஒரு புரோகிராமில் இருந்தன. இந்த மெஷினோடு வந்த புரோகிராம் வேறு. ஒன்று எழுதியதை மற்றது வாசிக்காது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கீற மாதக்கணக்காகும் என்பதால், பழைய படத்தை எடுத்துப் புதியதற்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றைத் தேவராசாவே எழுதினான்.

"தமிழிலை எழுதினதைச் சிங்களத்துக்கு மாத்திற மாதிரி," என்றார் சீவரத்தினம். "நடுவிலை ஒரு சொல் தவறாதே? ஒரு கோடு கூடியிருக்கும். நான் அவங்களிட்டை இதைத்தான் சொல்லப்போறன்."

லியோன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். முதல் படத்தைக் கீறியவன் தேவராசா. மாற்றும் புரோகிராமை எழுதியவனும் தேவராசா. பிழை முன்னுக்கு வந்தாலும் நடுவில் வந்தாலும் அது போய் நிற்கும் இடம் ஒன்றுதான்.

"நல்ல சாட்சி," என்றான். "உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தால் மச்சானுக்கு எதிரிகளே தேவையில்லை."

"லியோன், பேசாமல் இரும்," என்றார் பூரணம். "அண்ணை, அந்தப் படத்தைக் காட்டுங்கோ. படமாயில்லை. கோடு எங்கை துவங்கி எங்கை முடியுதெண்டு எண்ணாய்க் காட்டுமோ உந்த மெஷின்?"

காட்டியது. பெட்டிப் படங்கள் இருந்த பிளொப்பியைப் போட்டுச் சீவரத்தினம் விசைகளைத் தட்ட, கறுப்புத் திரையில் பச்சை எண்கள் வரிவரியாக ஏறின. 394. 787. 1181. 1575. 1969. லியோனுக்கு அது லொத்தர்ச் சீட்டு முடிவு போலத் தெரிந்தது. பூரணம் ஒரு பென்சிலை எடுத்துப் பழைய கடித உறையின் முதுகில் கணக்குப் போடத் தொடங்கினார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

"தேவராசாவின்ரை பழைய புரோகிராமிலை அளவு மில்லிமீற்றர்தானே?"

"ஓம். புதுசிலை அங்குலம். ஒரு அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரிச்ச கணக்கு."

"அதுதான். பத்து மில்லிமீற்றரிலை இருந்த கோடு இஞ்சை முன்னூற்றுத் தொண்ணூற்று நாலிலை வந்து நிக்குது. இருபதிலை இருந்தது எழுநூற்று எண்பத்தேழு. அளவை மாத்தினால் இப்பிடித்தான் எண்ணெல்லாம் கோணலாய்ப் போகும். இப்ப இந்த ஒரு வரியைப் பாருங்கோ."

அவர் பென்சிலால் திரையைத் தொட்டார். 1200, 600. அடுத்தது 1200, 1500.

லியோன் குனிந்து பார்த்தான். சறுக்கி விழுந்த எண்களுக்கு நடுவில் அந்த வரி மட்டும் சட்டை இஸ்திரி போட்டு வந்தவனைப் போல நின்றது.

"நான் கந்தோரிலை இருக்கேக்கை பழைய சங்கிலிக் கணக்குக் காணிகளை மீற்றருக்கு மாத்தினனாங்கள்," என்றார் பூரணம். "நாப்பது தசம் ரெண்டு மூண்டு, அறுபது தசம் மூண்டு அஞ்சு, எல்லாம் இப்பிடிக் கோணல் எண்தான். ஒரு காணியிலை ஒரு வேலி மட்டும் சரியா நாப்பது மீற்றர். சங்கிலியாலை அளந்த காலத்திலை மீற்றர்க் கோல் வைச்சிருந்தவன் ஆர்? வேலி பேந்து போட்டது. இந்தக் கோடும் அப்பிடித்தான். பழைய படத்திலை இருந்து வந்திருந்தால் கோணலாய் வந்திருக்கும். மாத்தின புரோகிராம் தன்ரை பாட்டிலை கீறியிருந்தாலும் இப்பிடிச் சரிநூறிலை வராது. மாத்தி முடிஞ்ச பிறகு ஒராள் இந்தத் திரைக்கு முன்னாலை இருந்து கையாலை கீறியிருக்கு."

லியோன் சீவரத்தினத்தை நோக்கி ஒரு அடி வைத்தான்.

"பெட்டி வெட்டுது, வெட்டுது எண்டு சனம் கொண்டுவந்து எறிஞ்சால் உங்களுக்குத்தானே கரைச்சல், அண்ணை?"

"எனக்கு இதிலை கீறத் தெரியாது," என்றார் சீவரத்தினம். "வெட்டிறதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டனான், மெய்தான். தேவராசா மாட்டன் எண்டிட்டான். அதோடை நான் விட்டிட்டன்."

"விடும், லியோன்," என்றார் பூரணம். "இந்தப் பிளொப்பியிலை உள்ளதுகளின்ரை பட்டியலைக் காட்டுங்கோ. எப்ப எழுதினதெண்டும் தெரியவேணும்."

பட்டியல் வந்தது. பலகைப் படங்கள் பதினாறு இருந்தன. அவற்றில் பதினைந்தின் திகதி 1980ஆம் ஆண்டு முதலாம் மாதம் முதலாந் திகதி.

"அண்டைக்கு மட்டும் விழுந்து விழுந்து வேலை செய்திருக்கினம்," என்றான் லியோன். "மற்ற ஆறு வருசமும் லீவு."

"மெஷினைப் போட்டவுடனை அது திகதி கேக்கும்," என்றார் சீவரத்தினம். "நாங்கள் ஒண்டும் அடியாமல் தட்டிவிடுவம். அது எண்பதாம் ஆண்டெண்டு தானே போட்டுக்கொள்ளும். தேவராசாவுக்கும் உதுக்குப் பொறுமையில்லை."

பூரணத்தின் பென்சில் பதினாறாவது வரியில் நின்றது. கூடுதல் கோடு இருந்த படம் அதுதான். அதன் திகதி 7-13-86.

"ஏழாந் திகதி, பதின்மூண்டாம் மாதம்," என்று வாசித்தான் லியோன். "சம்பளம் ஒரு மாதம் கூட வருமெண்டால் நானும் இஞ்சை வேலைக்கு வாறன்."

"மாதத்தை முன்னுக்குப் போட்டிருக்கு. ஜூலை பதின்மூண்டு. ஞாயிற்றுக்கிழமை." பூரணம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடிப்பிறப்புக்கு நாலு நாள் முதல். இஞ்சை ஒழுங்காத் திகதி அடிக்கிற ஆள் ஆர்?"

"அது பிள்ளை மட்டும்தான்," என்றார் சீவரத்தினம். "கடிதம் அடிக்கிறவ. தேவராசாவுக்குப் பக்கத்திலை இருந்து கீறவும் பழகினவ. ஞாயிறிலையும் வந்து மிச்ச வேலை முடிப்பா, திறப்பும் அவவிட்டை..."

சொல்லச் சொல்லவே அவருடைய முகம் வெளுத்தது. எந்தப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பிப் போகும் வழியில் லியோன் காரை விரட்டினான். ஊரெழு தாண்டியதும்தான் வாயைத் திறந்தான்.

"நேரே வாசிகசாலைக்கு விடுறன், அக்கா. பேரைச் சொல்லுவம். மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவம்."

"பேந்து?"

"பேந்தென்ன?"

"நாங்கள் பேரைக் கொண்டுபோய்க் குடுத்தால் ஆள் மாறும், லியோன். கம்பம் மாறாது. அவளாச் சொல்லவேணும். அதுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு."

"சொல்லாட்டி?"

பூரணம் வெளியே ஓடிய புகையிலைத் தோட்டங்களைப் பார்த்தார். "சொல்லாட்டி நான் சொல்லத்தான் வேணும்," என்றார் கடைசியாக. "உம்மடை தங்கச்சியின்ரை முகத்திலை நானும் முழிக்கவேணும்."

குணலட்சுமி தோட்டத்தில் இருந்தாள். ஐந்து நாளாகத் தண்ணீர் காணாத வெங்காயத் தாள்கள் நுனி மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. அவள் வரம்பில் குந்தி, வாளியில் அள்ளிவந்த தண்ணீரைக் கையால் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. இவர்களைக் கண்டும் நிறுத்தவில்லை. பூரணம் பலகையை அவளுக்கு முன்னால் வரம்பில் வைத்தார்.

"ஜூலை பதின்மூண்டு, பிள்ளை."

அவளுடைய கை வாளிக்குள்ளேயே நின்றது. லியோன் வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அப்போது கொட்ட நினைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் பயத்தைக் காணவில்லை. கனநாள் தேடிய ஆள் வந்துவிட்டதைப் போன்ற ஒரு களைப்புத்தான் இருந்தது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள், அன்ரி?"

"உன்ரை கோடு சரிநூறிலை நிண்டுது."

அவள் தலையாட்டினாள். பிறகு மெல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தகப்பன் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுவார். பெட்டி வெட்டுது, பயிர் காயுது, நீ அங்கைதானே இருக்கிறாய், உன்னாலை ஏலாதோ என்று. வெங்காயம் கிண்டினவுடன் புது மோட்டர் வாங்குவேன், அதுவரைக்கும்தான் என்று. ஒருநாள் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவளுக்கு ஈயம் பிடிக்கத் தெரியாது. வயர் வைத்து ஒட்டினால் தேவராசா கண்டுவிடுவான். கீற மட்டும் தெரியும். ஒரு ஞாயிறு தனியாக இருந்து, ஒரே ஒரு பலகைக்குக் கீறினாள். தேவராசா சந்தேகப்படாமல் அந்தப் படத்தைப் பலகையாக்கித் தகப்பனின் பெட்டிக்குள் பூட்டிக் கொடுத்தான்.

"அப்பாவின்ரை மோட்டர் மெய்யாவே கசிஞ்சது," என்றாள். "பெட்டி பொய் சொல்லேல்லை, அன்ரி. அது எனக்கு விளங்கியிருக்கவேணும். விளங்கினதுதான். கொஞ்ச நாளைக்குத்தானே எண்டு நினைச்சன்."

"தேவராசாவைக் கொண்டுபோன அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?" என்றான் லியோன்.

"அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"எனக்கு என்னத்தைச் சொல்லுறது?"

மூவரும் திரும்பினார்கள். கிணற்றடியில் இரத்தினம்மா நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. மகளைப் பார்க்கவில்லை. வரம்பில் கிடந்த பலகையைத்தான் பார்த்தாள்.

"அந்த மனிசனுக்கு வழி சொன்னது நான்," என்றாள். "பிள்ளையிட்டைக் கேட்டுப் பாருங்கோவன் எண்டு. புதுப் போட்டோடை சிரிச்சுக்கொண்டு வந்தவர். அவள் தேவராசாவிட்டைக் கேட்டு வாங்கிக் குடுத்தவள் எண்டு நான் நினைச்சன். அதாலைதான் அவனிலை எனக்கு அவ்வளவு ஆத்திரம்."

வாசிகசாலையில் ஒரு மேசையும் சனம் இருக்க நாலு நீள வாங்கும் போட்டிருந்தார்கள். இயக்கப் பொறுப்பாளனுக்கு இருபத்தைந்து வயது இருக்காது. சீவரத்தினம் பின்னால் இருந்த வாங்கில் குந்தியிருந்தார். மூலையில் தேவராசா நின்றான். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. லியோனைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

பூரணம் இரண்டு பலகைகளையும் மேசையில் வைத்து, உறையின் முதுகில் போட்ட கணக்கைக் காட்டினார். கோணல் எண்ணையும் சரிநூறையும் சொன்னார். பொறுப்பாளன் கணக்கை இரண்டு தரம் தானே போட்டுப் பார்த்தான். கெட்டிக்காரப் பெடியன் என்று லியோன் நினைத்தான். அதுவே அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

"அப்ப இந்தக் கோட்டை இவர் கீறேல்லை. ஆர் கீறினது?"

பூரணம் பின்னால் இருந்த தாயையும் மகளையும் திரும்பிப் பார்த்தார். இரத்தினம்மா எழுந்தாள்.

"கேட்டது என்ரை மனிசன், தம்பி. கேக்கச் சொன்னது நான். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஏலாது. முறைப்பாடு குடுத்தவள் நான்தானே, நான் அதைத் திருப்பி எடுக்கிறன்."

"அப்பிடி எடுக்கேலாது, அம்மா. கீறின கை ஆரின்ரை?"

"என்ரை."

குணலட்சுமி எழுந்து நின்றாள். பொறுப்பாளன் அவளைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், மறுபடி கணக்கைப் பார்த்தான்.

"அப்பிடிக் கீறினால் என்ன நடக்குமெண்டு தெரியுமே உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அப்பாவுக்குச் செய்தனீர்."

"அப்பா கேட்டவர்," என்றாள் அவள்.

பொறுப்பாளன் உறையை மடித்தான். மடித்ததை இன்னொருக்கால் மடித்தான்.

"உவவுக்கு நாங்கள் குடுக்கிறதுக்குத் தண்டனை ஒண்டும் மிச்சமில்லை," என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். பிறகு தேவராசாவின் பக்கம் திரும்பினான். "நீங்கள் போகலாம்."

தேவராசா போகவில்லை.

"என்னிலை பிழையில்லையெண்டு ஒருத்தரும் நினைக்கவேண்டாம்," என்றான். மூன்று நாள் பேசாததால் குரல் கரகரத்தது. "பொத்தானை அமத்திச் சத்தத்தைக் கேட்டிட்டுச் சரியெண்டு குடுத்தனான். ஒரு பல்ப்பைக் கொழுவி, அது அணையுதோ எண்டு பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான் குடுத்தனான்."

வெளியே வந்ததும் லியோன் அவனைக் கையில் பிடித்துக் காரை நோக்கி இழுத்தான். குருநகரில் சிசிலியா வாசலில் நிற்பாள். இருட்ட முன்பு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். தேவராசா காரடியில் நின்று திரும்பினான். தாயும் மகளும் ஒழுங்கையால் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி ஆறடி தூரத்தில்.

"குணலட்சுமி," என்று கூப்பிட்டான். "வித்த பெட்டி அறுபத்தி மூண்டு. அவ்வளவையும் திறந்து, பல்ப் கொழுவிப் பாக்கவேணும். எது எந்த வீட்டிலை இருக்கெண்டு உமக்குத்தான் தெரியும். நாளைக்கு வாரும்."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

இரத்தினம்மாதான் திரும்பினாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எத்தினை மணிக்கு, தம்பி?"

"எட்டு மணிக்கு."

"அனுப்பிவிடுறன்," என்றாள். நடந்துபோய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.